மசாலா டீக்கு ஐயாயிரம் வயது இல்லை

மளிகைக் கடையில் டீத்தூளுக்குப் பக்கத்திலேயே மசாலா டீப் பொடி டப்பாக்களை அடுக்கியிருப்பார்கள். எந்த டப்பாவை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே வாசகம்: ‘5000 ஆண்டு ஆயுர்வேதப் பாரம்பரியம்.’ சமையல் நிகழ்ச்சி நடத்துகிறவர்களும் அடுப்பைப் பற்றவைக்கும் முன் இதையே சொல்கிறார்கள். வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு என் பொறுமை போய்விட்டது. இது பொய். இந்த டீயை உண்மையில் உருவாக்கிய ஏழை வியாபாரிகளிடமிருந்து அவர்கள் உழைப்பைப் பறிக்கிற பொய்.

ஒரு மன்னர் தன் அரண்மனையில் மசாலா டீயைக் கண்டுபிடித்தார் என்றும் ஒரு கதை. எந்த ஊர் மன்னர், என்ன பெயர் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

சுக்கும் மிளகும் திப்பிலியும் பழமையானவைதானே என்பார்கள். பழமையானவைதான். திரிகடுகக் கஷாயத்தை நம் பாட்டிகளே போட்டுக் கொடுத்தார்கள். அதில் தேயிலை எங்கே இருந்தது? அஸ்ஸாமில் சிங்ஃபோ மக்கள் தேயிலையை மூங்கில் குழாயில் அடைத்துப் புகையில் வாட்டிக் காய்ச்சிக் குடித்து வந்தார்கள்; பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை, ஏலக்காயும் இல்லை. ராபர்ட் புரூஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அவர்களிடம் அந்தச் செடியைப் பற்றித் தெரிந்துகொண்டது 1823இல். அஸ்ஸாம் தேயிலை லண்டனில் ஏலத்துக்குப் போனது 1839இல். அதன் பிறகும் நெடுங்காலம் விளைந்ததில் பெரும்பகுதி கப்பலேறிக்கொண்டிருந்தது.

நம் ஊர்க்காரர்களைக் குடிக்கவைக்கத் தோட்ட முதலாளிகள் படாத பாடு பட்டார்கள். ஏற்றுமதித் தேயிலைக்குத் தீர்வை போட்டு, அந்தப் பணத்தில் விளம்பரம் செய்யவே 1903இல் ஒரு சட்டம் வந்தது. ரயில் நிலையங்களிலும் மில்களிலும் சுரங்கங்களிலும் டீக்கடைகளை வைத்தார்கள். ஐயாயிரம் ஆண்டாக நாடே குடித்த பானத்துக்கு இவ்வளவு பிரசாரம் எதற்கு? வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய் டீக்கு எதிராகக் கடுமையாக எழுதினார். காந்தி 1942இல் சிறையிலிருந்து எழுதிய ஆரோக்கிய நூலில், உடம்புக்கு டீ தேவையில்லை என்றார். இயற்கை வைத்தியத்தில் ஊறிய காந்திக்கே தெரியாத ஆயுர்வேத டீ, டப்பாக்காரர்களுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

மசாலா வந்த வழியைப் பாருங்கள். விளம்பரக்காரர்கள் சொல்லிக்கொடுத்தது ஆங்கிலேயர் பாணி: நிறையத் தேயிலை, மேலே கொஞ்சம் பால். தெருவோர வியாபாரிக்கு அது கட்டுப்படியாகவில்லை. அவர் தேயிலையைக் குறைத்தார், பாலையும் சர்க்கரையையும் கூட்டினார், இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டார். தேயிலை விற்பனை குறைகிறதே என்று தோட்ட முதலாளிகள் சங்கம் முகம் சுளித்தது. வியாபாரிகள் கேட்கவில்லை. அந்த வீம்புதான் இன்றைய மசாலா டீ. தேயிலையைக் குருணையாக்கும் சிடிசி இயந்திரம் 1930இல் அஸ்ஸாமில் உருவாகிப் பின்னாளில் பரவி, மலிவான, கடுப்பான குருணைத் தூள் எல்லோர் கைக்கும் எட்டிய பிறகே இது வீட்டு அடுப்பிலும் நிலைத்தது. எல்லாம் சேர்த்து நூறாண்டுக் கதை. அது போதாதா பெருமைப்பட?

மசாலா டீ குடித்தால் சளி, மூட்டுவலி, அஜீரணம் எல்லாம் தீரும் என்கிறார்கள். ஒரு டம்ளரில் இறங்குவது நகக்கண் அளவு இஞ்சி. கூடவே இரண்டு கரண்டி சர்க்கரை.

ஒன்பது பொருள் கலந்த டப்பாப் பொடி இல்லாமல் ருசி வராது என்கிறார்களே, அதுதான் எனக்கு மிகவும் கோபமூட்டுவது. குஜராத்தில் எலுமிச்சைப்புல்லும் புதினாவும் போடுகிறார்கள். ஹைதராபாத் இரானி டீயில் மசாலாவே கிடையாது. எது மூலச் செய்முறை? டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். எடை கூடியதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் சுக்குத்தான் முதலில். ஏலக்காயை இடித்து மாதக்கணக்கில் வைத்தால் மணம் பறந்துவிடும். பிறகு மிஞ்சுவது காரம் மட்டுமே.

வீட்டில் அம்மிக்குழவியோ சின்ன உரலோ இருந்தால் போதும். இரண்டு டம்ளர் டீக்கு, ஒரு டம்ளர் தண்ணீரில் தட்டிய இஞ்சி ஒரு துண்டும், தோலோடு நசுக்கிய ஏலக்காய் இரண்டும் போட்டு நான்கு நிமிடம் கொதிக்கவிடுங்கள். பச்சை இஞ்சியை நேரே பாலில் போடாதீர்கள்: அதிலுள்ள நொதி பாலின் புரதத்தை வெட்டித் திரித்துவிடும், தண்ணீரில் கொதித்தால் அந்த நொதி செத்துப்போகும். பிறகு இரண்டு கரண்டி டீத்தூள், ஒரு டம்ளர் பால். இரண்டு தடவை பொங்கி வரட்டும், சர்க்கரை சேர்த்து வடிகட்டுங்கள். கிராம்பு பிடித்தால் ஒன்று, பட்டை பிடித்தால் ஒரு சில்லு. வேறென்ன போடலாம் என்பதை டப்பாவிடம் கேட்காதீர்கள்; உங்கள் தெருமுனை டீ மாஸ்டரிடம் கேளுங்கள், அவர் சொல்லித்தருவார்.