ஐயம் வந்தால் வேகம் குறைக

காஞ்சிபுரம் மாவட்டத்துக் காவாந்தண்டலம் போன்ற செய்யாற்றங்கரைச் சிற்றூர்களின் சாலையை அறுவடைக் காலத்தில் காண்போர்க்கு ஓர் உண்மை விளங்கும். ஒருபுறம் நெல் காய்கிறது. மறுபுறம் ஆட்டுமந்தை நகர்கிறது. இடையே மிதிவண்டியில் ஒரு மாணவன் வருகிறான். பேருந்து ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். யார் எப்பக்கம் திரும்புவர் என்பது அவருக்குத் தெரியாது. தெரியாது என்பது மட்டும் அவருக்கு நன்கு தெரியும். ஓட்டுநரில்லாத் தானியங்கி மகிழுந்துக்குக் கற்பிக்க வேண்டிய முதற்பாடம் இதுவே என்பது நம் கருத்து.

2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் டெம்பி நகரில் ஊபர் நிறுவனம் சோதித்த தானியங்கி மகிழுந்து, மிதிவண்டியைத் தள்ளியபடி சாலையைக் கடந்த பெண்மணி மீது மோதியது, அவர் இறந்தார். கருவி அவரைக் காணாமலில்லை, 5.6 நொடிக்கு முன்பே கண்டது. ஊர்தி என்றும், மிதிவண்டி என்றும், பிறிதொன்று என்றும் மாறிமாறிக் கணித்தது. கணிப்பு மாறுந்தோறும் அவர் நடந்துவந்த தடத்தை மறந்தது. உள்ளே இருந்த கண்காணிப்பாளரும் சாலையை நோக்கவில்லை. ஐயம் மிகுந்தது, வேகமோ குறையவில்லை.

வேகத்தின் விலையை எளிய கணக்கே காட்டும். ஒரு நொடியில் உணர்ந்து தடைபோட்டால், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஏறத்தாழ 20 மீட்டரில் நிற்கும். வேகம் இருமடங்கானால் 60 மீட்டர் வேண்டும்.

எல்லா ஐயத்திற்கும் அஞ்சினால் வண்டி நகருமா என வினவுவர். நியாயமான வினாவே. 2017இல் மொபில்ஐ ஆய்வாளர்கள் இதற்கு ஒரு நெறி வகுத்தனர். பிறர் செய்யக்கூடியவற்றுள் பகுத்தறிவுக்கு உட்பட்டவற்றை எல்லாம் எதிர்பார்த்து இடைவெளி விடுதல், பார்வை மறையும் இடத்தில் மெதுவாகச் செல்லுதல், வழியுரிமையைப் பறித்துக்கொள்ளாமை ஆகியன அதன் கூறுகள். ஆயின் எது பகுத்தறிவுக்கு உட்பட்டது என்பதை ஊரே சொல்லும். டெம்பி நகரக் கருவி, நடப்போர் குறுக்குப்பாதைக்கு வெளியேயும் சாலையைக் கடப்பர் என்பதையே எண்ணவில்லை. நம் ஊரிலோ அது அன்றாட நிகழ்ச்சி. ஐதராபாத், பெங்களூரு சாலைகளில் எடுத்த 10,004 படங்களைக் கொண்டு நம் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு தொகுப்பை உருவாக்கியுள்ளனர். நற்றொடக்கம் அது, சிற்றூர்ச் சாலையும் அத்தகு பாடத்தில் இடம்பெறல் வேண்டும்.

2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 உயிர்கள் மடிந்தன. ஆதலின் இயந்திரத்தை நாம் வெறுக்கவில்லை. மனிதனும் பிழை செய்பவனே. ஆனால் நடந்து செல்பவன் இயந்திரத்திற்கேற்ப மாறட்டும் என்பதை ஏற்கோம். இயந்திரமே நடப்பவனை அறியட்டும். கணினி பயிலும் மாணவர்காள்! உங்கள் கணக்கில் நெல் காயும் சாலைக்கும் இடம் தாருங்கள்.