டிஸ்க் வளையவில்லை

"பிரேக் அடிச்சா ஸ்டியரிங் உதறுதா? டிஸ்க் பெண்டாயிருக்கு சார், மாத்திடலாம்." எந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனாலும் இதே பதில்தான். பெரும்பாலும் தவறான பதில். இதை நம்பி இரண்டு ஆண்டுகளில் இரண்டு ஜோடி டிஸ்க் வாங்கியவன் நான்.

இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு தவறை முதலில் தள்ளிவைத்துவிடலாம். பிரேக் தொடாமலே 80-க்கு மேல் ஆடினால் உடனே 'அலைன்மென்ட்' என்பார்கள். அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும்; உதறாது. உதறலுக்குப் பார்க்க வேண்டியது பேலன்சிங். 15 அங்குல ரிம்மின் விளிம்பில் 10 கிராம் கூடுதலாக இருந்தால், 100 கி.மீ. வேகத்தில் அது ஒன்றரைக் கிலோ எடையின் விசையோடு நொடிக்கு 14 முறை சக்கரத்தைச் சுண்டும். 50-இல் அந்த விசை கால்வாசிதான். அதனால்தான் ஊருக்குள் ஒன்றும் தெரிவதில்லை. மெதுவாகப் போகும்போதே ஆட்டம் இருந்து, நாளுக்கு நாள் கூடினால் ஓரம் கட்டி நட்டையும் டயரையும் பாருங்கள். நட் தளர்ந்திருக்கலாம், டயர் புடைத்திருக்கலாம்.

இப்போது 'பெண்ட்'. டிஸ்க் என்பது வார்ப்பிரும்பு. தகரம்போல் அது எளிதில் நெளியாது. சூடு மிஞ்சினால் விரிசல்தான் விடும். பந்தயக் கார்களோடு வாழ்ந்த பொறியாளர் கேரல் ஸ்மித், வளைந்ததாகச் சொல்லப்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்தபோதெல்லாம் பிரேக் பேட் பொருள் திட்டுத்திட்டாக அப்பியிருந்ததையே கண்டதாக எழுதியிருக்கிறார். நம் கால் உணர்வது தடிமன் வேறுபாட்டை. தடித்த இடம் வரும்போது பேட் பிஸ்டனைப் பின்னே தள்ளும், மெலிந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும், பெடல் துடிக்கும். 0.02 மி.மீ. வேறுபாடே போதும். தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு.

"சூடான டிஸ்க்தானே உதறுது?" என்பார்கள். சூட்டுக்குப் பங்குண்டு, ஆனால் வேறு வழியில். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கி, அடிவாரத்துக் காரவள்ளியில் பெடலை மிதித்தபடி நின்றால், கொதிக்கும் பேட் தொட்ட இடத்தில் முத்திரை குத்தியதுபோல் படியும். அந்த இடம் மேலும் மேலும் சூடேறி 650 டிகிரியைத் தாண்டினால் இரும்பே மாறி, சிமென்டைட் என்னும் கெட்டிப் புள்ளி விழும். மேலோட்டமாகக் கடைந்தால் அது திரும்பவும் மேடாகும்.

'பெண்ட்' என்பவர்களின் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது: "புது டிஸ்க் போட்டதும் நின்னுபோச்சே, அப்போ டிஸ்க்தானே கோளாறு?" நின்றது உண்மை. எத்தனை நாளைக்கு? எனக்கு இரண்டு முறையும் ஏழாயிரம் கி.மீ.க்குள் திரும்பி வந்தது. டோல்கேட் தெரிந்து காலை வைத்ததுமே ஸ்டியரிங் கையில் நடுங்கும். பக்கத்தில் அம்மா கைப்பிடியைப் பற்றிக்கொள்வார்.

மூன்றாவதாக ஒரு சின்ன ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் அண்ணன் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, "இங்க பாருங்க தம்பி" என்று ஹப்பின் முகத்தைக் காட்டினார். போல்ட்டுகளைச் சுற்றித் துரு செதில்செதிலாக ஏறியிருந்தது. அதன்மேல் உட்கார்ந்த எந்தப் புது டிஸ்க்கும் துளி சாய்ந்தே சுழலும். முதல் நாள் தெரியாது. நெடுஞ்சாலையில் பிரேக் தொடாமல் ஓடும்போதே, சாய்ந்த பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் பேட்டை உரசி உரசி அந்த இடத்தில் மெலியும். சில ஆயிரம் கி.மீ.யில் தடிமன் மாறிவிடும். பழி டிஸ்க்குக்கு, குற்றம் துருவுக்கு. நட் முடுக்கும் கன்னால் ஒரு நட்டை அளவுக்கு மீறி முடுக்கினாலும் இதே கதைதான்.

அவர் டயல் கேஜ் வைத்துச் சுற்றியபோது முள் 0.12 மி.மீ. சாய்வு காட்டியது. எமரி தாளால் ஹப்பை வெள்ளையாகத் தேய்த்தார். டிஸ்க்கின் விளிம்பில் பொறித்திருந்த குறைந்தபட்சத் தடிமனைப் பார்த்து, இன்னும் சதை இருக்கிறது என்று லேத்துக்குக் கொடுத்து வாங்கிப் பூட்டினார். நட்டுகளை டார்க் ரென்ச்சால், எதிரெதிராக முடுக்கினார். மறுபடி கேஜ்: 0.03.

பில்லில் புது டிஸ்க் இல்லை. 'பெண்ட்' என்று தூக்கிப் போடச் சொன்ன அந்த இரண்டாவது ஜோடிதான் இன்றும் என் வண்டியில் ஓடுகிறது.