மார்கழிக் காலையில் மலைச் சுனைக்கு

"நாள் பூராவும் வீட்டுக்குள்ளேயே நடக்கிறேனே, தனியா வேற நடக்கணுமா?" என்று கேட்கிற சகோதரிகளே! வருகிற விடுமுறையில் அரை நாள் ஒதுக்குங்கள். மார்கழியும் தையும் மலை ஏற நல்ல காலம். வெயில் சுடாது, பிள்ளைகளும் சிணுங்காது.

அடி அண்ணாமலைக்கு உறவுக்காரர்கள் வந்தால் கிரிவலம் கிளம்புவார்கள். 14 கிலோமீட்டர் சுற்று, கைக்குழந்தைக்காரிக்கு முடிகிற காரியமா? அவளுக்கு ஏற்றது ஸ்கந்தாசிரமத்துச் சுனை வரை போய்வருவது. அண்ணாமலை 814 மீட்டர் உயரம் என்றாலும் நாம் உச்சிக்குப் போகப் போவதில்லை. ரமணாசிரமத்தின் பின்புறத்திலிருந்து கல் பாதை போகிறது. பிள்ளைகளோடு நின்று நின்று போனாலும் ஒரு மணி நேரம்தான்.

ரமணர் 1916 முதல் 1922 வரை வசித்த இடம் அது. அவருடைய தாயார் அழகம்மாள் வயதான காலத்தில் இங்கே வந்து, எல்லோருக்கும் சமைத்துப் போட்டார். பாறை இடுக்கில் கசிகிற சுனையும், மரநிழலும், கீழே பெரிய கோயில் கோபுரங்களும் கண்ணை நிறைக்கும். அங்கிருந்து இறங்கினால் விருபாட்ச குகை. ஊருக்கு இறங்கும் வழியில் முலைப்பால் தீர்த்தம் என்று ஒரு சின்ன மலைக்குளமும் உண்டு. பேரைக் கேட்டதும் தாய்மாருக்கு நின்று பார்க்கத் தோன்றும்.

இனி முக்கியமான விஷயம். சென்ற வருஷம் எங்களோடு வந்த பக்கத்து வீட்டு மருமகளுக்கு இருபத்தெட்டு வயசு. பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அறுபது வயசு மாமியார் மேலே நின்று கூப்பிடுகிறார். "ரெண்டு பெத்தாச்சில்லக்கா, அப்படித்தான் மூச்சு வாங்கும்" என்றாள். "இல்லம்மா, ரத்தத்தைப் பார்த்துடு" என்றேன். பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.6. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இந்தக் குறை இருந்தது. நூறு பேரில் பாதிக்கு மேல்!

சமதரையில் இது தெரியாது. "அசதி" என்று தள்ளிவிடுவோம். படி ஏறும்போதுதான் உடம்பு உண்மையைச் சொல்லும். கூட வருகிறவர்களைவிட அதிகமாக இரைத்தால், தலை சுற்றினால், நெஞ்சு படபடத்தால் அங்கேயே உட்காருங்கள். வீம்புக்கு ஏறாதீர்கள். ஊர் திரும்பியதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் பாதியில் நிறுத்தாமல் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகளும் இருதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம்.

கட்டுச்சோற்றிலும் மருந்து உண்டு. முருங்கைக்கீரை அடை, எலுமிச்சை சாதம், நெல்லிக்காய்த் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். கீரையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர புளிப்பு துணை செய்யும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அது கெட்டுவிடும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். மூட்டையை மலையில் பிரிக்காதீர்கள், குரங்குத் தொல்லை. கீழே இறங்கியே சாப்பிடலாம். குடிக்கிற தண்ணீரை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். காகிதம், பாட்டில் எதையும் போட்டுவிட்டு வராதீர்கள்.

மழை நாளில் மட்டும் போகவே கூடாது. 2024 டிசம்பர் 1-ந் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் இதே மலை சரிந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் 5 குழந்தைகள் உட்பட 7 பேர் மாண்டார்கள். வனத்துறை அனுமதிக்கிற பாதையை விட்டு விலகாதீர்கள். வெயில் ஏறுமுன் கிளம்பி, மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள்.

வாரத்துக்கு மொத்தம் 150 நிமிஷமாவது வேகமாக நடக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நாளைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. மலைக்குப் போக இன்னும் ஒரு மாசம் இருந்தால், இன்றைக்கே தெருக்கோடி வரை நடக்கத் தொடங்குங்கள். பிள்ளைகளின் உடம்பைக் கவனிக்கிற நாம், நம் உடம்பையும் கவனித்துக்கொள்ள வேண்டாமா?