ஒரே கோடு... ரெண்டு மெஷின்!

ராத்திரி முழுக்க முழிச்சு எக்ஸெல்ல ஒரு மேக்ரோ எழுதுறீங்க. உங்க லேப்டாப்ல பட்டையைக் கிளப்புது. மறுநாள் லேப்ல, எக்ஸாமினர் முன்னாடி ரன் கொடுத்தா... 'கம்பைல் எரர்'!

காரணம் சிம்பிள். உங்ககிட்ட இருப்பது 64 பிட் ஆஃபீஸ். லேப்ல இருப்பது அரதப் பழசான ஆஃபீஸ் 2007. விண்டோஸின் 'ஸ்லீப்' மாதிரி ஃபங்ஷனைக் கூப்பிட, மாட்யூலின் தலையில் 'டிக்ளேர்' வரி எழுதுவோமே, அதில்தான் சிக்கல். 64 பிட் ஆஃபீஸ், அந்த வரியில் 'பிடிஆர்சேஃப்' என்ற வார்த்தை இருந்தே ஆகணும் என்று அடம்பிடிக்கும். ஆஃபீஸ் 2010-ல் வந்த வார்த்தை அது. 2007-க்கு அது என்னன்னே தெரியாது!

'ஒரு இஃப் போட்டுட்டா போச்சு'ங்கிறீங்களா? சாதா இஃப் வேலைக்கு ஆகாது பாஸ். அது புரொகிராம் ஓடும்போதுதான் முடிவெடுக்கும். அதுக்கு முன்னாடியே கம்பைலர் ரெண்டு பக்கத்தையும் படிச்சாகணும். இங்கேதான் ஹேஷ் போட்ட இஃப் கைகொடுக்கும்.

#இஃப் விபிஏ7 தென்
(பிடிஆர்சேஃப் உள்ள டிக்ளேர் வரி)
#எல்ஸ்
(பழைய டிக்ளேர் வரி)
#எண்ட் இஃப்

கம்பைலர் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கிட்டு, இன்னொன்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எடிட்டர்ல அந்த வரி சிவப்பா நின்னாலும் பதறாதீங்க, ஓடும். 1995-ல் வந்த விஷுவல் பேசிக் 4, 16 பிட், 32 பிட் விண்டோஸ் ரெண்டையும் சமாளித்தது இதே டெக்னிக்கில்தான்.

சொந்தமாகவும் வைக்கலாம். '#கான்ஸ்ட் சோதனை = 1' என்று எழுதி, டெஸ்ட் மெசேஜ்களை எல்லாம் '#இஃப் சோதனை தென்' உள்ளே போடுங்க. சப்மிட் பண்ணும்போது 0 ஆக்கினா மொத்தமும் காலி. ஆனா இது அந்த ஒரு மாட்யூலுக்கு மட்டும்தான் செல்லும். எல்லா மாட்யூலுக்கும் வேணும்னா, ப்ராஜெக்ட் ப்ராப்பர்ட்டீஸில் 'கண்டிஷனல் கம்பைலேஷன் ஆர்குமென்ட்ஸ்' பெட்டியில் எழுதணும்.

உஷார்! பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் எரர் வராது. 'ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்' கூடக் காப்பாற்றாது. தெரியாத பெயரைக் காலின்னு எடுத்துக்கிட்டு, கம்பைலர் சத்தமில்லாம அந்தப் பகுதியைத் தூக்கிடும். ஒதுக்கிய பகுதியில் டிக்ளேர் பண்ணாத வேரியபிள் இருந்தாலும் கண்டுக்காது.

அதனால, 1 போட்டு ஒரு தடவை, 0 போட்டு ஒரு தடவை 'டீபக்' மெனுவில் கம்பைல் கொடுங்க. முடிஞ்சா ஃபைலை முந்தின நாளே லேப் மெஷின்ல ஓட்டிப் பாருங்க. அப்புறம் வைவாவில் கேள்விக்கு மட்டும் பயந்தா போதும்!