சுரங்கத்தில் உள்ள கவசம் சாலையில் எங்கே?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டும் தொழிலாளி தலைக்கவசமின்றிச் சுரங்கத்தில் இறங்க முடியாது. அதில் அவருக்கு ஆக்ஷேபமும் இல்லை. ஆனால் வேலை முடிந்து பண்ருட்டிக்கும் வடலூருக்கும் மோட்டார் சைக்கிளில் புறப்படுகிறவர்களில் பலருக்குக் கவசம் பெட்ரோல் டாங்கியின் மேல் ஏறிவிடுகிறது. டாங்கிக்குத் தலை உண்டோ? சுரங்கத்தினும் நெடுஞ்சாலை க்ஷேமமானது என்று இவர்களுக்கு யார் சொன்னது?

மத்திய சர்க்காரின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். அவர்களில் 50,029 பேர் கவசமின்றி இரு சக்கர வண்டியை ஓட்டியவர்களும், பின்னால் அமர்ந்து சென்றவர்களுமாவர். விபத்துகளின் தொகையில் அவ்வாண்டு முதலிடம் வகித்தது நம் தமிழ்நாடே: 64,105. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். தலைப்பாகையே இல்லாதவன் கதி என்ன?

சர்க்காரின் குற்றத்தை நாம் மறைக்கவில்லை. விக்கிரவாண்டி–தஞ்சை சாலையை நால்வழியாக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் இழுபட்டதையும், அதனால் ஜனங்கள் பட்ட பாட்டையும் இவ்வட்டாரம் அறியும். அபராதமோ, போலீஸ்காரர் நிற்கும் இடம் வரையில்தான் செல்லும். அவரைத் தாண்டியதும் கவசம் கழன்றுவிடும்.

சுரங்கத்தில் விதி செல்லுபடியாவதன் ரகசியம் வேறு. கவசமில்லாதவரை அங்கே உள்ளே விடுவதில்லை. நிறுவனத்தார் இம்முறையைத் தங்கள் வாயில்களில், வரும்போது மட்டுமன்றி வீடு திரும்பும்போதும், தயவு தாட்சண்யமின்றி அனுஷ்டிக்க வேண்டும். சம்பளத்துக்கும் போனஸுக்கும் போராடும் தொழிற்சங்கங்கள் இதைத் தங்கள் கோரிக்கையாகவே முன்வைக்கலாகாதா? இதற்குப் புதுச் சட்டமோ டில்லியின் அனுமதியோ வேண்டியதில்லை. அடுத்த ஷிப்டிலேயே ஆரம்பிக்கலாம்.