ஏழு நாளில் மூன்று நாடு: யாருக்காக இந்த ஓட்டம்?

‘சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து – ஏழே நாட்களில்!’ செய்தித்தாளுக்குள் செருகி வரும் இத்தகைய துண்டறிக்கைகளை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். முதன்முறை வெளிநாடு செல்வோரை வதைப்பதற்கு இதனினும் சிறந்த திட்டம் வேறில்லை.

கணக்கிட்டுப் பார்ப்போம். மூன்று நாடுகள் என்றால் வெள்ளி, ரிங்கிட், பாட் என மூன்று நாணயங்கள். மூன்று குடிநுழைவு வரிசைகள். எல்லை கடக்கும் ஒவ்வொரு நாளிலும் பெட்டி கட்டுவதிலும் காத்திருப்பதிலும் பாதிப்பொழுது தொலைகிறது. ‘மறுபடி எப்போது வரப்போகிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிடலாமே’ என்பர். மறுபடி வர வாய்ப்பில்லை என்பதனாலேயே நின்று பார்க்க வேண்டும் என்கிறோம் நாம்.

எங்கள் தாயாருடைய தந்தை சிராங்கூன் சாலையில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். அந்தத் தெருவில் ஒருமுறை நடக்கவேண்டும் என்பதே எழுபது வயதில் தாயார் கொண்டிருந்த ஒரே ஆசை. பேருந்து அவ்வழியே சென்றது, நிற்கவில்லை. ‘பயண நிரலில் இல்லை, அம்மா’ என்றார் வழிகாட்டி. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நிரலைப் படிக்காமல் பணம் கட்டியவர்கள் நாங்கள். தாயார் கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தபடியே இருந்தார். ஊர் திரும்பியபின் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

நான்கு நாட்கள்தாம் உண்டா? ஒரே நகரம் போதும். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம்; கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. எனவே சென்றிறங்கும் நாளில் எத்திட்டமும் வேண்டா. விசாவை முன்கூட்டியே பெறுக. மின்வழி வருகை அட்டையை, சென்று சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்புக. அதற்குக் கட்டணம் இல்லை. பின்னர் நாளொன்றுக்கு ஒரே ஓர் இடம். ஒருநாள் 1827-இல் தோன்றிய மாரியம்மன் கோயில். மறுநாள் விக்டோரியா வீதித் தேசிய நூலகத்தின் தமிழ் நூல்கள். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. அறிவிப்புப் பலகையில் நம் எழுத்தைக் காணும்போது பாதி அச்சம் நீங்கிவிடும்.

‘இவ்வளவுதான் பார்த்தீர்களா?’ என்று அண்டை வீட்டார் கேட்கக்கூடும். அவர்களுக்காகவா நாம் பயணம் போகிறோம்? போகிறவரிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: ‘அங்கே நீங்கள் காண விரும்புவது எது?’ அந்த விடையிலிருந்து திட்டம் தொடங்கட்டும். அதை நாங்கள் கேட்கத் தவறினோம், நீங்கள் தவறாதீர்கள்.