படம் போட்டா போதுமா?

ஃபைனல் இயர் ரிவ்யூ பார்த்திருப்பீங்க. 40 ஸ்லைடு. 'தேங்க் யூ' ஸ்லைடு வரும்போதுதான் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவாங்க. ப்ராஜெக்ட் மொத்தத்தையும் ஒரே தாளில் படமாகச் சுருக்கும் 'காட்சிச் சுருக்கம்' நம் பாடத்தில் வரணும்னு சிலர் கேட்கிறாங்க. நானும் அந்தக் கட்சிதான். ஆனா ஒரு நிபந்தனை இருக்கு.

2016-ல் ஆண்ட்ரூ இப்ராஹிம் என்ற அமெரிக்க மருத்துவர், 'அனல்ஸ் ஆஃப் சர்ஜரி' ஆய்விதழின் கட்டுரைகளை இப்படிப் படமாக்கி ட்விட்டரில் போட ஆரம்பிச்சார். வெறும் தலைப்பைவிட படம் போட்ட பதிவு சுமார் 8 மடங்கு பகிரப்பட்டது. ஆனா கட்டுரையைத் திறந்து பார்த்தவங்க 3 மடங்குகூட ஆகலை. பகிர்றது வேற, படிக்கிறது வேற.

புரியுறது அதைவிட வேற. அதுக்கு நம்ம மாவட்டத்தையே பாருங்க. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல. ஆனா இங்கே ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னையும் பலாவும் வேரோட சாய்ஞ்சது.

புயலுக்கு முன்னாடி வானிலைத் துறை வெளியிடும் பாதை வரைபடமும் ஒரு காட்சிச் சுருக்கம்தான். அதில் கூம்பு மாதிரி விரியும் பகுதி, புயலின் மையம் எங்கெல்லாம் போகலாம் என்பதைத்தான் காட்டுது. புயலின் அகலத்தை இல்லை. காற்றும் மழையும் கூம்புக்கு வெளியேயும் அடிக்கும். இது தெரியாத ஒருத்தர், "நம்ம ஊர் கோட்டுக்கு வெளியதானே இருக்கு"ன்னு கதவைச் சாத்திட்டுத் தூங்கிடலாம். உலகம் முழுக்க இந்தப் படத்தை இப்படித் தப்பாப் படிக்கிறவங்க இருக்காங்க. கணக்கு சரி, படமும் சரி. போய்ச் சேர்ந்த செய்திதான் தப்பு.

அதனால என் நிபந்தனை இதுதான்: காட்சிச் சுருக்கத்துக்கு கைடு மட்டும் மார்க் போடக் கூடாது. நம்ம துறைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருத்தர், மெஸ் அக்காவோ பஸ்ல பக்கத்து சீட்டு அண்ணனோ, அதை அரை நிமிஷம் பார்த்துட்டு, என்ன புரிஞ்சதுன்னு தன் வார்த்தையில் சொல்லணும். நாம சொல்ல வந்தது அதில் இல்லைன்னா, படத்தைத் திரும்ப வரையணும்.

"சுருக்கினா ஆழம் போயிடும்"னு சொல்வாங்க. எதை விடணும்னு முடிவு பண்ண, முழுசும் புரிஞ்சிருக்கணுமே! ரெடிமேட் டெம்ப்ளேட்ல ஐகான் ஒட்டத் தெரிஞ்சா மட்டும் அது வராது.

அடுத்த ரிவ்யூவுக்கு முன்னாடி ஒரு ஏ4 தாளை எடுங்க. பென்சில் போதும். வரைஞ்சு முடிச்சதும் நேரா மெஸ்ஸுக்குப் போங்க.